பத்து மாச அட்வான்ஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற வாடகை

சென்னையில வாடகை ஏறிடுச்சுன்னு பேசும்போது மாத வாடகையை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கிறோம். அட்வான்ஸ் திரும்பி வரப்போற பணம்தானே, அதை எதுக்குச் செலவுல சேர்க்கணும்னு ஒரு நினைப்பு. கணக்கு போட்டுப் பார்த்தால் அது சரியில்லை.

போக்கியத்துக்கு வீடு எடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் வீட்டுக்கு வாடகை கிடையாது, பணத்துக்கு வட்டி கிடையாது. அதாவது அந்த வட்டிதான் வாடகை. பத்து மாச அட்வான்ஸும் ஒரு குட்டி போக்கியம்தான். என்ன, இதில் வாடகையும் தனியாகக் கொடுக்கணும்.

ஒரு உதாரணம். வாடகை 15,000, அட்வான்ஸ் 1,50,000. இந்த வீட்டுக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் 7 சதவீத வைப்புநிதியை உடைத்துக் கொடுக்கிறார். அவர் இழக்கும் வட்டி மாதம் 875. அவருக்கு உண்மையான வாடகை 15,875.

இரண்டாவது ஆள் வருஷத்துக்கு 12 சதவீதத்தில் நகையை அடகு வைக்கிறார். மாதம் 1,500 வட்டி. வாடகை 16,500.

மூன்றாவது ஆள் ரெண்டு வட்டிக்கு, அதாவது நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்க்கு, கடன் வாங்குகிறார். மாதம் 3,000 வட்டி. வாடகை 18,000.

வீடு ஒண்ணுதான். ஆனா கையில் சேமிப்பு இல்லாதவருக்குத்தான் வாடகை அதிகம். சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவுகோல். அதன்படி முதல் ஆளுக்குச் சுமார் 53,000 சம்பளம் போதும், மூன்றாவது ஆளுக்கு 60,000 வேணும். காலி பண்ணும்போது பெயின்டிங்னு பிடிக்கிற ஒரு மாச வாடகையை இதில் சேர்க்கவே இல்லை. வருஷா வருஷம் வீடு மாறுகிறவருக்கு அது மாதம் 1,250.

சட்டம் என்ன சொல்கிறது? 1960 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகைதான் அளவு. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்கிற பொருளில் ஒரு விலக்கும் கூடவே இருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் பத்து மாதம் உள்ளே வருகிறது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகை பாக்கி வைத்துவிட்டு ஒருத்தர் காலி பண்ண மறுத்தால், வழக்கு எவ்வளவு நாள் இழுக்கும் என்ற பயம் அவருக்கு. ஆனால் அந்தப் பயத்தின் விலை எவ்வளவு என்று யாரும் கணக்கு பார்ப்பதில்லை.

பார்ப்போம். அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைத்தால் வீட்டுக்காரர் கையை விட்டுப் போவது 1,05,000. 7 சதவீதத்தில் அவருக்கு நஷ்டம் மாதம் சுமார் 613 ரூபாய். அதே தொகைக்கு நம்ம மூன்றாவது ஆள் கட்டும் வட்டி 2,100. அப்படின்னா வாடகையை 1,000 ரூபாய் ஏத்திக்கிட்டு அட்வான்ஸைக் குறைத்தால் வீட்டுக்காரருக்குச் சுமார் 387 லாபம், குடிவருகிறவருக்கு 1,100 லாபம். ரெண்டு பேருக்குமே நல்லது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் பழைய அட்வான்ஸ் எப்பவோ செலவாகியிருக்கும். அடுத்து வருகிறவர் கொடுக்கும் பணத்தில்தான் முன்னாடி இருந்தவருக்குத் திருப்பித் தருவார்கள். அந்த மாதிரி வீட்டில் 1,000 ரூபாய் கூடுதல் வாடகை பெருசாத் தெரியாது, மொத்தப் பணம்தான் முக்கியம். மற்ற இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். அட்வான்ஸைக் குறைங்கன்னு மட்டும் கேட்டால் பேரம் மாதிரி இருக்கும். "வாடகை 16,000 தர்றேன், அட்வான்ஸ் மூணு மாசம் வச்சுக்கலாமா?" என்று கேட்டால், அவருக்கும் யோசிக்க ஒரு கணக்கு கிடைக்கும்.