நூற்று நாலா? நூறு புள்ளி நாலா?

குழந்தைக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் 100.4 காட்டுகிறது. "நூற்று நாலு" என்று டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்?

டாக்டர் பதறிப் போவார்!

104 டிகிரி கடுமையான காய்ச்சல். 100.4 என்பது காய்ச்சலின் தொடக்கம். நடுவில் இருந்த சின்னப் புள்ளியை விட்டதால் 3.6 டிகிரி கூடிவிட்டது.

புள்ளி என்ன சொல்கிறது?

புள்ளிக்கு முன்னால் இருப்பது முழு டிகிரி. பின்னால் இருப்பது அடுத்த டிகிரிக்குப் போகும் வழியில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது.

100க்கும் 101க்கும் நடுவே உள்ள இடத்தைப் பத்து சம பங்காகப் பிரியுங்கள். நாலாவது பங்கு முடியும் இடம்தான் 100.4. அது 101ஐக் கூட எட்டவில்லை. 104 எங்கே, இது எங்கே!

சிறு கோடுகளில் கவனம்

கண்ணாடித் தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரிகளுக்கு நடுவே நாலு சிறு கோடுகள் இருக்கும். அவை ஒரு டிகிரியை ஐந்து பங்காக்குகின்றன. ஆகவே ஒரு சிறு கோடு 0.1 அல்ல, 0.2.

100ஐத் தாண்டி இரண்டாவது சிறு கோட்டில் பாதரசம் நின்றால் அது 100.4. அதை 100.2 என்று படிப்பவர்கள் உண்டு. மூன்று மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு இது பெரிய தவறு. அந்தக் குழந்தைக்கு 100.4 இருந்தாலே உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

98.6 வந்த கதை

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். சுமார் 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைத் திரும்பத் திரும்ப அளந்து, 1868ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். சுகமான உடலின் வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடு என்று அவர் சொன்னார். அதுவே பாரன்ஹீட் கணக்கில் 98.6.

ஆனால், எல்லோருக்கும் எப்போதும் 98.6 இருக்காது. காலையில் சற்றுக் குறையும். மாலையில் சற்றுக் கூடும்.

நோட்டில் ஒரு கோடு

பாதரசம் நஞ்சு. பாதரசத் தெர்மாமீட்டரைக் கைவிடப் பல நாடுகள் 2013ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்துகொண்டன. இப்போது பல வீடுகளில் இருப்பது டிஜிட்டல் தெர்மாமீட்டர். அதில் எண் மட்டுமே தெரியும், கோடு கிடையாது.

கோட்டை நீங்களே போடலாம். பிள்ளையின் நோட்டையும் ஸ்கேலையும் எடுங்கள். 14 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு கிழியுங்கள். இடது முனையில் 98 என்று எழுதுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரி. வலது முனையில் 105 வரும். இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் 0.1.

இப்போது 100.4ஐக் குறியுங்கள். 100இலிருந்து எட்டு மில்லிமீட்டர். 104ஐயும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஏழு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி!

99.8, 100.2 இரண்டில் எது பெரிது? கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரிது. 100.2தான்.

காலை 99.6, மதியம் 101.2, மாலை 100.4 என்று நேரத்தோடு குறித்து வைத்தால், காய்ச்சல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள். வாயால் சொல்லும்போது, "நூறு புள்ளி நாலு" என்று புள்ளியோடு சொல்லுங்கள்!