குளிர்ந்த எஞ்சினும் வீணாகும் பெட்ரோலும்

பழைய வண்டி பெட்ரோலை மிகுதியாகக் குடித்தால், அதன் முதுமையே காரணம் என்பர். எப்போதும் அஃது உண்மையன்று. 1990களில் அமெரிக்காவில் உற்பத்தியான, நான்கு லிட்டர் எஞ்சின் கொண்ட ஜீப் செரோக்கியைக் காண்போம்.

பெட்ரோல் முற்றும் எரிய, அதன் எடையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் வண்டியிலுள்ள கணிப்பொறி அதனை மிகுதியாகச் செலுத்துகிறது. சூடேறிய பின் குறைக்கிறது. குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தை அடக்கியாள்வது தெர்மாஸ்டாட் என்னும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் உரிய வெப்பநிலையான சுமார் 90 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதில்லை. கணிப்பொறியும் பெட்ரோலைப் போதிய அளவு குறைப்பதில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, எஞ்சினையும் தேய்விக்கிறது.

ஆகவே, மாணவர்களே, நெடுந்தூரம் ஓடிய பின்னும் வெப்பமானியின் முள் தாழ்ந்தே நின்றால், மாற்றத்தக்கது எஞ்சின் அன்று. கைக்குள் அடங்கும் அவ்வால்வே.