சயாம் மரண ரெயில்: தாத்தா கல்லறையை தேடி போறவங்க கவனத்துக்கு...

தாய்லாந்து டூர் போறவங்க பாங்காக்கில் இருந்து சுமார் 130 கி.மீ. தூரத்தில் உள்ள காஞ்சனபுரிக்கும் போவாங்க. குவாய் ஆற்றுப்பாலத்தில் நின்று போட்டோ எடுப்பாங்க. அந்த ரெயில் பாதையை போட்டு உயிரை விட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமிழர்கள்.

2-ம் உலகப்போரின்போது தாய்லாந்து-பர்மா இடையே 415 கி.மீ. பாதையை ஜப்பான் ராணுவம் 1942-43ல் அமைத்தது. மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு பிழைக்கப்போன தமிழர்களில் சிலரை நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பலரை வலுக்கட்டாயமாகவும் அங்கே கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பட்டினியால் கொத்துக்கொத்தாக செத்தனர்.

பெயர் இல்லை

காஞ்சனபுரி போர் வீரர் கல்லறை தோட்டத்தில் சுமார் 7 ஆயிரம் கல்லறைகள் உள்ளன. அங்கே தாத்தா பெயரை தேடினால் கிடைக்காது. அவை பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க்கைதிகளுக்கு உரியவை. ராணுவத்திடம் அவர்கள் பெயர் பட்டியல் இருந்தது. தோட்ட கூலிகளுக்கு யாரும் முறையாக பட்டியல் வைக்கவில்லை. பல இடங்களில் ஒரே குழியில் போட்டு மூடிவிட்டனர்.

எங்கே கும்பிடலாம்?

அதே ஊரில் உள்ள 'வாட் தவோர்ன் வராராம்' புத்த கோவிலில் தமிழ் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. 2023-ல் அங்கே நடுகல்லும் வைக்கப்பட்டது. மாலை போட்டு கும்பிட அதுதான் இடம்.

போகும் முன், வீட்டில் உள்ள பெரியவங்ககிட்ட தாத்தா பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த தோட்டம் எல்லாத்தையும் கேட்டு எழுதி வைச்சுக்கோங்க. அவங்களும் போயிட்டா, சொல்ல ஆள் கிடையாது.