கார் வாங்கும்போது அகலத்தையும் கேளுங்க!

'சின்ன கார்தானே' என்று நம்பி வாங்குகிறோம். ஆனால், ஒவ்வொரு புது மாடலிலும் அது பெருத்துக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா தோழிகளே?

1999ல் வந்த வேகன் ஆர் ஒன்றரை மீட்டர்கூட அகலம் கிடையாது. அதே பெயரில் 2019ல் வந்ததோ 1.62 மீட்டர். இப்போதைய ஸ்விப்ட், பழைய அம்பாசிடரைவிடவே அகலம்!

நீளம் 4 மீட்டருக்குள், இன்ஜினும் சிறியதாக இருந்தால் வரி குறைவு என்று 2006ல் அரசு சலுகை தந்தது. நீளத்துக்குத்தான் கட்டுப்பாடு, அகலத்துக்கு இல்லையே! ஏர்பேக் போன்றவற்றால் எடையும் கூடுகிறது. அவை உயிர் காப்பவை. வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால், எங்க மலை ரோடு அகலமாகலையே! ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. எதிரெதிரே இரண்டு கார் வந்தால், பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க சாக்கடை ஓரம் ஒதுங்கி நிக்குதுங்க.

கலர், மைலேஜ் கேட்பதோடு அகலத்தையும் கேளுங்க. கம்பெனி சொல்லும் அளவில் பக்கவாட்டுக் கண்ணாடிகள் சேராது. அதையும் கூட்டி, உங்க தெருவை டேப் வைத்து அளந்து பாருங்க.

மலைக்கு வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை: குறுகலான இடத்தில், ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிடணும். அது சட்டம். நடக்கிறவங்களுக்கும் கொஞ்சம் இடம் விடுங்க!

– ஒரு வாசகி, பெர்ன்ஹில், ஊட்டி.