உமிக்கரியால் கழிவுநீரைத் தெளிவாக்குதல்

கமக்காரரே! 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி எஞ்சும். ஆலையருகே வீணே குவிந்து கிடக்கும் இவ்வுமி, நீரின் தூய்மையைக் காக்கவும் உதவும்.

பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், 1976ஆம் ஆண்டு முதல் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையிற் கலக்கின்றது. பின்னர் அம்பன் கங்கை வழியாகப் பொலன்னறுவை வயல்களுக்குப் பாய்கின்றது. ஆகவே, உக்குவளை வாய்க்காலில் நாம் விடும் அழுக்கு நம்மூரோடு நின்றுவிடுவதில்லை.

உமியைக் குறைந்த காற்றிற் கருக்குக, சாம்பலாக விடலாகாது. இக்கரியின் நுண்துளைகளிற் சாயமும், பூச்சிகொல்லி எச்சங்கள் சிலவும், ஈயம் போன்ற உலோகங்களும் ஒட்டிக்கொள்கின்றன.

அடியில் துளையிட்ட பீப்பாயில், கீழிருந்து மேலாகச் சரளை, மணல், கழுவிய உமிக்கரி, மீண்டும் மணல் என இடுக. மரக்கறி கழுவிய நீரை இதன் வழியே மெதுவாக வடியவிட்ட பின்னரே வாய்க்காலில் விடுக.

கவனிக்க வேண்டியவை:

1. வடிந்த நீர் தெளிவாயிருப்பினும் குடித்தலாகாது, கிருமிகள் எஞ்சியிருக்கும்.

2. பசளையிலிருந்து கரையும் நைத்திரேற்றைக் கரி நன்கு பிடிப்பதில்லை. பசளையை அளவோடு இடுதலே அதற்கு வழி.

3. மருந்து தெளிகருவியைக் கழுவிய நீரைப் பீப்பாயில் ஊற்றாது, மருந்திட்ட பயிருக்கே தெளித்துவிடுக.

4. பயன்படுத்திய கரியைத் தோட்டத்தில் இடவோ எரிக்கவோ வேண்டாம். அதனை அகற்றும் முறையை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.