பட்டியில் மாற்றியதைச் சேமித்தீர்களா?

அட்டாளைச்சேனையில் வீட்டு மேசையில் இருந்துகொண்டே ஒலுவிலிலோ சிங்கப்பூரிலோ ஓடுகிற லினக்ஸ் சேர்வரில் வேலை செய்ய, விண்டோஸ் பாவிப்பவர்கள் பலர் எடுப்பது ‘பட்டி’ என்ற மென்பொருளைத்தான். சைமன் டாத்தம் எழுதியது. 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. சேர்வரின் முகவரியை அடித்து, போர்ட் 22ஐ அப்படியே விட்டு ‘ஓப்பன்’ அழுத்தினால் கறுப்புத் திரை வந்துவிடும். இவ்வளவு சுலபம் என்பதால் பட்டியின் முதல் திரையில் இடப்பக்கத்தில் இருக்கும் அமைப்புப் பகுதிகளைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் அவற்றில் நாலைந்தையாவது அறிந்துகொள்ள வேண்டும்.

இணைப்பைத் திறந்தபடியே விட்டுப் போய், அஸர் தொழுதுவிட்டு வந்து ஒரு எழுத்தை அடித்தால் திரை அசையாமல் நிற்கும். கொஞ்சத்தில் இணைப்பு அறுந்ததாகச் செய்தி வரும். இதற்குச் சேர்வரைக் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் இடையில் இருக்கிறது. வீட்டு ரவுட்டரும் மொபைல் வலையமைப்பும் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். நெடுநேரம் எதுவும் போய்வராவிட்டால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். ‘கனெக்ஷன்’ பகுதியில், எத்தனை விநாடிக்கு ஒருமுறை வெற்றுப் பொதி அனுப்புவது என்று கேட்கும் கட்டத்தில் 0 இருக்கும். அனுப்புவதே இல்லை என்று அர்த்தம். அதை 60 ஆக்குங்கள். ஆனால் கரண்ட் போய் ரவுட்டரே அணைந்தால் இது காப்பாற்றாது. அதற்கு, சேர்வரில் ‘டிமக்ஸ்’ என்ற மென்பொருளைத் திறந்து அதற்குள் வேலை செய்ய வேண்டும், இணைப்பு போனாலும் உள்ளே ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும்.

மாற்றியும் மறுநாள் பழையபடியே இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். மாற்றிய கையோடு ‘ஓப்பன்’ அழுத்தினால் அந்த ஒரு தடவைக்குத்தான் செல்லும். முதலில் ‘செஷன்’ பகுதியில் உங்கள் சேர்வரின் பெயரைத் தெரிவுசெய்து ‘லோட்’ அழுத்துங்கள். வேண்டியதை மாற்றுங்கள். திரும்பவும் ‘செஷன்’ பகுதிக்கே வந்து ‘சேவ்’ அழுத்துங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் மறந்துபோகிறார்கள். புதிதாகச் சேர்க்கும் எல்லாச் சேர்வர்களுக்கும் அதே அமைப்பு வேண்டுமென்றால், ‘டிபோல்ட் செட்டிங்ஸ்’ என்ற பெயரில் சேமியுங்கள். முன்பே சேமித்தவை அதனால் மாறாது. ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

எழுத்து சிறிதாக இருந்தால் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் 12 ஆக்கலாம். கறுப்பில் கரைந்துபோகும் கடும் நீலத்தை ‘கலர்ஸ்’ பகுதியில் வெளிற வைக்கலாம். மேலே ஓடிப்போன பிழைச் செய்தியைத் தேடுபவர்கள், ‘விண்டோ’ பகுதியில் 2000 வரி என்றிருப்பதை 20000 ஆக்கிக்கொள்ளட்டும். தமிழ்க் கோப்புப் பெயர்கள் தெரிய ‘ட்ரான்ஸ்லேஷன்’ பகுதியில் யூடிஎஃப்-8 இருக்க வேண்டும். இருந்தாலும் கொம்பும் காலும் விலகித் தெரியலாம். திரை எல்லா எழுத்துக்கும் அளந்த அகலக் கட்டங்களையே கொடுக்கிறது. நம் எழுத்துகள் அதற்குள் அடங்குவதில்லை.

சேமித்தவை அந்தக் கணினியின் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும். கடவுச்சொல் அதில் சேராது. சேர்வர் முகவரியும், கொடுத்திருந்தால் பயனர் பெயரும் சேரும். கொமியூனிகேஷன் கடைக் கணினியில் சேமிக்காதீர்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு பாவிப்பவர்கள் பட்டியின் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில், பி-521 வகைச் சாவியால் இடும் கையொப்பங்களில் ஒரு குறை இருந்தது. சுமார் 60 கையொப்பங்கள் எதிராளியின் கையில் கிடைத்தால் அந்தரங்கச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் வந்த 0.81 அதைத் திருத்தியது. புதிய பதிப்பைப் போட்டால் மட்டும் போதாது: முன்பு பாவித்த பி-521 சாவியை எல்லாச் சேர்வர்களிலிருந்தும் நீக்கிவிட்டு, வேறு சாவி உருவாக்கிக்கொள்ள வேண்டும்.