காணிக்காரர் முன்னே நடக்கும் மலை

காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்தில், பூவாற்றுப் பொழியில், நெய்யாறு கடலில் கலக்கிறது. அது பிறக்கும் இடம் அகத்தியர்கூடம். 1,868 மீட்டர் உயரம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றங்கரை கேரளத்தோடு நின்றது. மலைத்தொடரையும் எல்லைக்கோடு பிரித்தது. கிழக்கே பாபநாசம் பக்கம் தாமிரபரணி இறங்குகிறது, மேற்கே நெய்யாறு இறங்குகிறது. பாறசாலை முதல் பூவாறு வரை தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்கள் எங்களுடையவை. வேறு எதற்கு வழக்கு வந்தாலும், அகத்தியர் யாருடைய முனிவர் என்று இங்கே யாரும் வழக்காடியதில்லை.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மலையேறிய கதை விரதத்தில்தான் தொடங்கும். மகரம் பிறந்ததும் நோன்பு. சிவராத்திரியை ஒட்டிப் பயணம். அரிசி, வெல்லம், பாத்திரம், அபிஷேகத்துக்குப் பால், சந்தனம் எல்லாம் தலைச்சுமை. உச்சிக்கு முன்னால் பொங்காலைப்பாறையில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். பிறகு மேலேறி, வெட்டவெளியில் நிற்கும் அகத்தியர் சிலைக்குத் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்து இறங்குவார்கள். பூசாரியும் கிடையாது, கூரையும் கிடையாது. வீட்டுப் பெண்கள் மட்டும் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி. அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் உச்சிக்குப் போகக்கூடாது என்பது காட்டில் வாழும் பழங்குடியான காணிக்காரர்களின் நம்பிக்கை.

வழி காட்டியவர்களும் அந்தக் காணிக்காரர்கள்தான். ஊருக்கு ஒரு மூட்டுக்காணி தலைவர். மருந்துக்கும் மந்திரத்துக்கும் பிலாத்தி. கொக்கரை என்ற இசைக்கருவியை உரசிக்கொண்டு அவர் பாடும் சாற்றுப்பாட்டில் நோய் தீரும் என்று நம்பினார்கள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சு எல்லையோரக்காரருக்கு எளிதில் புரியும். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எந்த ஓடை எப்போது வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். அன்று அதற்குக் கூலிக்கணக்கு இருந்ததாகப் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை. போனவர்கள் கொடுத்ததை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

பக்தி இல்லாத காரியத்துக்கும் இந்த மலையில் ஆள் ஏறியிருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானியல் அறிஞராக இருந்த ஜான் ஆலன் புரௌன் 1855-இல் அகத்தியர்கூடத்தின் மேலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்தப்புலமும் வானிலையும் திருவனந்தபுரத்தில் ஒரு மாதிரியும் மலைமேல் ஒரு மாதிரியும் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். ஒருவர் அளக்க வந்தார் என்றால் வேறு சிலர் பறிக்க வந்தார்கள். மஞ்சள் பூ பூக்கும் பாஃபியோபெடிலம் துருரியை என்ற ஆர்க்கிட் இந்த மலைப்பகுதிக்கே உரியது. 19-ஆம் நூற்றாண்டில் உலகம் அதை அறிந்துகொண்டது. பின்னர் சேகரிப்பாளர்கள் பறித்துப் பறித்தே காட்டில் அது கிட்டத்தட்ட இல்லாமல் போனது. காட்டை நேசிக்கிறேன் என்று வருபவரால் காடு எப்படி அழியும் என்பதற்கு எங்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை.

1987-இல் நடந்ததுதான் என் மனத்தில் இந்த மலையின் கதையையே திருப்பிவிட்ட சம்பவம். புஷ்பாங்கதன் தலைமையில் இனத்தாவரவியல் ஆய்வாளர்கள் காட்டுக்குள் நடந்தார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைப்பே காட்டாமல், இடையிடையே ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு வந்தார்கள். ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள், தின்றவர்களுக்கும் தெம்பு வந்தது. அது ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடியின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் உதாரணங்களில் ஒன்றாக உலகெங்கும் இது பேசப்பட்டது.

பேசப்பட்ட அளவுக்கு எல்லாம் இனிதாக நடந்துவிடவில்லை. எல்லாக் காணிக் குடிகளும் அந்த அறக்கட்டளைக்குள் வரவில்லை. குலத்தின் மருந்தறிவை வெளியே விட்டது தவறு என்று எதிர்த்த பிலாத்திகளும் இருந்தார்கள். ஆனாலும் வழிகாட்டியின் தலைக்குள் இருப்பதற்கும் விலை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய விஷயமல்ல.

இன்றைய பயணம் கணினித் திரையில் தொடங்குகிறது. வனத்துறை முன்பதிவைத் திறந்தால் சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். ஜனவரியில் தொடங்கிச் சில வாரங்கள்தான் பருவம். ஒரு நாளில் 100 பேருக்கு மேல் விடுவதில்லை. மருத்துவச் சான்றிதழ் வேண்டும், 14 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. பிளாஸ்டிக், மது, புகை மட்டுமல்ல, பூசைப் பொருளும் கூடாது. போணக்காட்டில், மூடிக் கிடக்கும் தேயிலை ஆலையைத் தாண்டி, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். முதல் நாள் வாழப்பைந்தியாறு, அட்டையாறு, ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று ஏறி அதிருமலை முகாம். மறுநாள் உச்சி. மூன்றாம் நாள் இறக்கம். சமைக்க அடுப்பு மூட்ட முடியாது. சூழல் மேம்பாட்டுக் குழுவின் உணவகத்தில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். குழுவுக்கு முன்னே இப்போதும் காணிக்காரர்தான் நடக்கிறார். இப்போது அவருக்குத் தினக்கூலி உண்டு.

2018-இன் கடைசியில் கேரள உயர் நீதிமன்றம், ஆண் பெண் என்று பார்த்து அனுமதி மறுக்கக்கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சியைத் தொட்டார். காணிக்காரர்கள் போணக்காட்டில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், யாரையும் தடுக்கவில்லை. தீர்ப்பு சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மலைக்கு அன்றாடம் காவல் நிற்பவர்களிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் அவர்கள் மனவருத்தம் குறைந்திருக்கும்.

கிழக்குப் பக்கத்தில் காலம் வேறு மாதிரி மாறியது. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. பின்னர் பாபநாசம் வழி அடைபட, திருநெல்வேலி பக்தர்களும் இன்று திருவனந்தபுரம் சுற்றித்தான் வருகிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறிகளைப் பலிகொண்ட பிறகு, தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது. அங்கும் வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற பழங்குடி, மலையோர இளைஞர்கள்.

வழிகாட்டும் குடிகளே பாதையை நடத்தும் இடமும் உண்டு. எகிப்தின் சீனாய் பாலைவனத்தில் 2015-இல் மூன்று பெதூயின் குடிகள் சேர்ந்து 220 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை உருவாக்கினார்கள். பின்னர் அது எட்டுக் குடிகளின் நிலம் வழியாக 550 கிலோமீட்டராக நீண்டது. அங்கே ஒவ்வொரு குடியின் எல்லை வந்ததும் வழிகாட்டி மாறுவார். அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை அந்தக் குடிக்கே. பாதை அவர்களுடையது, நிர்வாகமும் அவர்களுடையது. அகத்தியர்கூடத்தில் காணிக்காரர் முன்னே நடக்கிறார், ஆனால் எத்தனை பேர், எந்த மாதம், எவ்வளவு கட்டணம் என்று முடிவு செய்யும் மேசையில் அவர் பின்வரிசையில்தான் இருக்கிறார். இந்த மாற்றங்களில் எனக்குள்ள குறை இதுதான்.

கட்டுப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காடு இது. 2,254 உயர்தாவர இனங்கள், அவற்றில் ஏறத்தாழ 400 இங்கு மட்டுமே உள்ளவை. பாலும் பிளாஸ்டிக்கும் உச்சியில் சேர்ந்த காலம் திரும்ப வேண்டாம். பாபநாசம் வழியைத் திறக்கச் சொல்பவர்களின் ஏக்கம் புரிகிறது. ஆனால் புலிக்காட்டின் நடுவே கூட்டம் போவதற்கு நான் துணை நிற்க மாட்டேன். கட்டணம்தான் உறுத்துகிறது. 2024-இல் 2,500 ரூபாய். பூவாற்று வள்ளக்காரரும் நெய்யாற்றங்கரைக் கூலித்தொழிலாளியும், தாத்தா வெறுங்காலோடு போன மலைக்கு இணையமும் பணமும் இல்லாமல் போக முடிவதில்லை. எல்லையோர ஊர்க்காரருக்கு நாளொன்றுக்குப் பத்து இடமாவது குறைந்த கட்டணத்தில் ஒதுக்கலாம். காணிக்காரருக்கோ பருவத்துக் கூலியோடு கதை முடிகிறது. பருவம் முடிந்த பிறகும் தாழ்வான காட்டோரங்களில், செடி காட்டி, ஓடை காட்டி அழைத்துப்போகும் ஒரு நாள் நடைகளை அவர்களே நடத்தட்டும். அதற்கான கட்டணத்தை மூட்டுக்காணியும் அவருடைய ஊர்க்கூட்டமும் நிர்ணயிக்கட்டும்.